நாலு கேள்வி ஒட்டுகிறது, ஐந்தாவது மட்டும் அடம் பிடிக்கிறது (போர்ச்சுகல், முதியவர்கள், வாழ்க்கைத் திருப்தி)

இழைகோர்ப்பவள்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள். வியாழனுக்குள் யாராவது பதில் போட்டால் புண்ணியமாகப் போகும். அன்றைக்கு என் வழிகாட்டியைப் பார்க்க வேண்டும்.

போர்ச்சுகலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக கொவில்யான் என்ற ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 65 வயது தாண்டியவர்களிடம் 'வாழ்க்கைத் திருப்தி' அளந்துகொண்டிருக்கிறேன். எஸ்த்ரேலா மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. ஒரு காலத்தில் கம்பளி மில்களை நம்பிப் பிழைத்தது. நான் திருப்பூர்க்காரி, பழைய மில் சுவரைக் கண்டால் ஊர் ஞாபகம் வந்துவிடும். இளவட்டமெல்லாம் லிஸ்பனுக்கும் பிரான்சுக்கும் லக்சம்பர்க்குக்கும் போய்விட்டது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமே 15 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளுக்கு 182 முதியவர்கள். இந்த மலைப்பக்கம் வந்து பார்த்தால் அந்த எண்கூடக் குறைவோ என்று தோன்றும். காலை பத்து மணிக்குத் தெருவில் நடக்கிறவர்களில் நான் ஒருத்திதான் கைத்தடி இல்லாமல் நடக்கிறேன்.

பயன்படுத்துவது எட் டீனரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட அளவுகோல். ஐந்தே ஐந்து வாக்கியம். பெரும்பாலும் என் வாழ்க்கை நான் விரும்பியபடி இருக்கிறது; என் வாழ்க்கை நிலைமைகள் மிக நன்றாக இருக்கின்றன; என் வாழ்க்கையில் எனக்குத் திருப்தி; முக்கியம் என்று நினைத்தவை இதுவரை கிடைத்துவிட்டன; மறுபடி வாழக் கிடைத்தால் ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று எண் சொல்ல வேண்டும். மூலத்தில் 7 படிகள். போர்ச்சுகலில் 1992-இல் அன்டோனியோ சிமோயிஷ் அதை 5 படிகளாகச் சுருக்கிச் சோதித்தார், நான் எடுத்திருப்பது அந்த வடிவம். ஆக, குறைந்தது 5, அதிகபட்சம் 25. பலருக்குக் கண் சரியில்லை, சிலருக்கு எழுத்தே தெரியாது (1970-இல் இந்த நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது). அதனால் நானே வாசித்து, நானே டிக் போடுகிறேன். சம்மதம் சொன்னவர்களிடம் ஒலிப்பதிவும் உண்டு.

பிரச்சினை இதுதான். முதல் நான்கும் ஒன்றோடொன்று சமர்த்தாகச் சேர்ந்து போகின்றன. ஐந்தாவது தனிக்காட்டு ராஜா. நாலில் உச்சத்துக்குப் போனவர் ஐந்தாவதில் பாதாளத்துக்குப் போகிறார்.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன், 84 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அவர் காலத்தில் கட்டாயக் கல்வியே அவ்வளவுதான். 13 வயதில் மில். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை வெளிச்சத்தில் பிடித்து, அறுந்த இழையைத் தேடி, நெசவு மாறாமல் ஊசியால் கோர்த்துவிடுகிற வேலை. (என் புனைபெயர் அவரிடம் திருடியது.) கணவர் 1964-இல் பாஸ்போர்ட் இல்லாமல் திருட்டு வழியாக பிரான்சுக்குப் போனவர். அப்படிப் போவதற்கே 'அ சால்த்து' என்று அங்கே பெயர், தாவிக் குதிப்பது என்று அர்த்தம். பிறகு பதினோரு வருஷம் ஆகஸ்டில் மட்டும் வீட்டுக்கு வந்த மனிதர். தம்பி கினியா போருக்குப் போய் (ஆப்பிரிக்காவில் அப்போது போர்ச்சுகலின் காலனி) காலில் குண்டோடு திரும்பினார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் துப்பட்டா ஓரத்தில் பிரிந்திருந்த நூலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது.

அவருடைய எண்கள்: 4, 3, 5, 4. கடைசி வாக்கியத்தை வாசித்ததும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி "நௌன், நௌன்" என்றார். இல்லை, இல்லை. நான் 1 போட்டேன். இதே மாதிரி இன்னும் நிறையப் பேர்.

வழிகாட்டி, ஐந்தாவதைத் தூக்கிவிட்டு நாலை மட்டும் கூட்டு, நம்பகத்தன்மை (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்கிற கணக்கு) ஏறிவிடும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், பிரேசில் முதியவர்களின் மதிப்பெண்ணோடு என்னுடையதை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடச் சொல்கிறார். அங்கே 7 படி, இங்கே 5. சதவீதமாக மாற்றினால் போதுமா?

இன்னொன்று, சின்னது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் எல்லோரும் "வாய்ஸ் அந்தாந்து" என்றே சொல்கிறார்கள். 'ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் எந்தப் படியில் டிக் போடுவது?

---

குத்துமதிப்பு

தங்கச்சி, முதலில் அந்த 1-ஐ அழித்துவிடாதீர்கள், ஆனால் நம்பவும் நம்பாதீர்கள். ஒலிப்பதிவைத் திரும்பக் கேளுங்கள்.

போர்ச்சுகீசில் அந்த வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்: "நௌன் முதரீயா குவாசி நாதா". ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன். எதிர்மறை வாக்கியம். அதை ஒரு 84 வயது மனுஷியிடம் வாசித்துவிட்டு "உடன்படுகிறீர்களா?" என்றால் அவர் உங்கள் படிகளுக்கா பதில் சொல்வார்? வாக்கியத்துக்குத்தான் சொல்வார். "நௌன், நௌன், மாற்ற மாட்டேன்." அது முழு உடன்பாடு. அதாவது 5. நீங்கள் 1 போட்டிருக்கிறீர்கள். நம் ஊரிலும் "உனக்குக் காபி வேண்டாமா?" என்று கேட்டால் "இல்ல" என்கிறவன் வேண்டும் என்கிறானா வேண்டாம் என்கிறானா என்று டம்ளரோடு நிற்கிறோமே, அதே கதை.

சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாழ்க்கையையே திருப்பிப் போட நினைக்கிறவர் அப்படிச் சிரிப்பாரா? சிரிக்கவும் கூடும், சத்தியம் பண்ண மாட்டேன். அதனால்தான் ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்கிறேன். "நௌன்" என்றதற்குப் பின்னால் அவர் வினைச்சொல் ஏதாவது சொன்னாரா? பேச்சில் "முதரீயா" என்று சொல்ல மாட்டார்கள், "முதாவா" என்பார்கள். "நௌன் முதாவா நாதா" என்று காதில் விழுந்தால் கேஸ் முடிந்தது. எழுத்து நடையிலுள்ள வாக்கியத்தை வாசித்துக் காட்டுவதில் இது இரண்டாவது தொல்லை: ஒன்று எதிர்மறை, இன்னொன்று பள்ளிக்கூட வினைமுற்று.

நான் நான்கு வருஷம் போர்டோ அலெக்ரியில் இருந்தவன், பிரேசிலின் தெற்குக் கோடி. அங்கேயும் இதே வாலை இதே மாதிரி குழப்பிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கிழவர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர், ஐந்தாவது வாக்கியத்துக்கு "மாற்றவே மாட்டேன், ஆனால் இரண்டாவது கல்யாணத்தை மட்டும்" என்றார். அவருக்கு என்ன எண் போடுவது? 'ஏறக்குறைய' என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருப்பதே அந்த இரண்டாவது கல்யாணத்துக்காகத்தான் என்று சொல்லி 6 போட்டேன் (அங்கே 7 படி).

இப்போது உங்கள் வழிகாட்டி சொன்னது. ஐந்தாவது வாக்கியம் பல நாடுகளில், பல மொழிகளில் மற்ற நாலைவிடத் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது. உங்கள் ஊரின் தனிக் கோளாறு அல்ல. காரணமும் தெரிந்ததுதான்: முதல் மூன்றும் இன்றைய நிலையைக் கேட்கின்றன, நாலும் ஐந்தும் திரும்பிப் பார்க்கச் சொல்கின்றன. இருபது வயதுக்காரனுக்கு இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. 84-க்கு நடுவில் ஒரு போர், ஒரு பிரான்ஸ், ஒரு மில் மூடல் இருக்கிறது. ஆகவே தளர்வு என்பதே ஒரு கண்டுபிடிப்பு. அதைத் தூக்கிப் போட்டால் நம்பகத்தன்மை ஏறும், சரி. பல்லைப் பிடுங்கினால் பல்வலி போகும் என்கிற மாதிரி. ஆனால் தப்பாகப் பதிவான டிக்கும் உண்மையான தளர்வும் ஒன்றல்ல. முதலில் முதலாவதைச் சரிசெய்யுங்கள். அப்புறமும் ஒட்டாவிட்டால் ஐந்து கூட்டியதையும் நாலு கூட்டியதையும் இரண்டையும் ஆய்வேட்டில் போடுங்கள். ஏன் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்திதான் உங்கள் ஆய்வேட்டிலேயே படிக்கத் தகுந்த பத்தியாக இருக்கும்.

பிரேசில் ஒப்பீடு. சதவீதம் என்றால் எப்படி? பலர் 18-ஐ 25-ஆல் வகுத்து 72 என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. இந்த அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 5-இல் தொடங்குகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். 5 படியில் எல்லாவற்றுக்கும் நடுப்படி சொன்னவருக்கு 15. 7 படியில் எல்லாவற்றுக்கும் நடுப்படி சொன்னவருக்கு 20. இருவரும் நட்டநடுவில் நிற்பவர்கள். நேரடியாக வகுத்தால் போர்ச்சுகீசியருக்கு 60, பிரேசில்காரருக்கு 57. ஒன்றும் செய்யாமலேயே போர்ச்சுகல் மூன்று மதிப்பெண் சந்தோஷமாகிவிட்டது! முதலில் 5-ஐக் கழியுங்கள், பிறகு வீச்சால் (இங்கே 20, அங்கே 30) வகுங்கள். இருவருக்கும் 50 வரும்.

ஆனால் அது வெறும் கணக்குச் சுத்தம். 7 படி கொடுத்தால் மனிதர்கள் ஓரத்துக்குப் போகிற விதம் வேறு, 5 படியில் வேறு. அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு இடத்திலும் அளவுகோல் ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்பது. ஒரு ஊர்ப் படியில் அளந்த நெல்லையும் இன்னொரு ஊர்ப் படியில் அளந்த நெல்லையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் சண்டைதான் வரும், நம் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு நாட்டின் மூலத் தரவும் கையில் இருந்தால், ஒவ்வொரு வாக்கியமும் இரு பக்கமும் ஒரே எடையோடு, ஒரே தொடக்கப் புள்ளியோடு வேலை செய்கிறதா என்று படிப்படியாகச் சோதிக்க வழி இருக்கிறது. அச்சான கட்டுரையின் சராசரியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சோதிக்கவே முடியாது. அந்த அட்டவணையைப் போடாதீர்கள் என்பேன்.

'முதியவர்' என்பதும் ஒன்றல்ல. பிரேசில் சட்டப்படி 60 வயதிலேயே முதியவர், 2003-இல் வந்த முதியோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அங்கே நடக்கும் பெரிய முதுமை ஆய்வு (எல்சி-பிரேசில், 2015-16-இல் முதல் சுற்று) 50 வயதிலிருந்தே ஆள் எடுக்கிறது. நீங்கள் 65. மொழியும் பெயருக்குத்தான் ஒன்று. போர்ச்சுகலில் 'ரிஃபோர்மா' என்றால் ஓய்வூதியம். போர்டோ அலெக்ரியில் ஒரு பாட்டியிடம் உங்கள் 'ரிஃபோர்மா' எப்படி என்று கேட்டால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற செலவைச் சொல்வார்.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லாத பொறி. மனச்சோர்வுக்கான முதியோர் அளவுகோலையும் (ஆம்/இல்லை என்று 15 கேள்வி இருக்குமே) சேர்த்துக் கேட்கிறீர்களா? அதன் முதல் கேள்வியே "அடிப்படையில் உங்கள் வாழ்க்கையில் திருப்தியா?" என்பதுதான். இரண்டையும் தொடர்புபடுத்தி, "மனச்சோர்வு குறைந்தவர்களுக்குத் திருப்தி அதிகம்" என்று எழுதுவீர்கள். பாதி, அதே கேள்வியை இரண்டு முறை கேட்டதன் பலன்.

---

நைட்டூட்டி

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. நாகர்கோவில் பக்கம். ஆறு வருஷமாகப் போர்ச்சுகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, ஊர் பேர் வேண்டாம். இங்கே இல்லத்துக்கு 'லார்' என்று பெயர். உங்களைப் போலப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு முறை கேள்வித்தாளோடு வருவார்கள். நாற்காலியை எடுத்துப் போட்டுக் கொடுப்பது நான்தான். அதனால் நாற்காலிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மக்கா, எந்த நேரத்தில் கேட்டாய்? மூன்றாவது வாக்கியத்தில் 'சத்திஷ்ஃபெய்த்தா' என்று ஒரு சொல் வருமே, திருப்தியாக இருக்கிறேன் என்று. இவர்கள் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளும்போது சொல்கிற சொல்லும் அதுதான். "இன்னும் கொஞ்சம் சூப்?" "வேண்டாம், சத்திஷ்ஃபெய்த்தா." மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு பையன் வந்து "வாழ்க்கையில் சத்திஷ்ஃபெய்த்தாவா?" என்று கேட்டான். எங்கள் மேசையில் நாலு பேரும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஆமாம் என்றார்கள். நான் சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விட்டேன். நம் பாஷையிலும் திருப்தியாகச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறோம், வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் நேரம் முக்கியம்.

அடுத்தது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள். நான் நின்றால் எல்லாம் நன்றாக இருக்கும். ராத்திரி டயப்பர் மாற்றப் போகிறவள் நான், என் முன்னால் "நிலைமை சரியில்லை" என்று எந்தக் கிழவி சொல்வாள்? மகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். நான் எட்டிப் போனதும் ஒரு தாத்தா அந்தப் பையனிடம் பேனாவை வாங்கி, தானே ஒரு கட்டத்தை மாற்றிப் போட்டார். எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்காதே. பார்க்க வர வேண்டியவர்கள் வந்திருப்பார்கள், அல்லது வந்திருக்க மாட்டார்கள். இரண்டும் மதிப்பெண்ணைக் கெடுக்கும். முடிவெட்டுகிற அம்மா வருகிற நாளிலும் கேட்காதே, அன்றைக்கு எல்லோரும் மகாராணிகள்.

"வாய்ஸ் அந்தாந்து" பற்றிக் கேட்டாய். அதை எங்கேயும் டிக் போடாதே, அது பதில் இல்லை. "சாப்பிட்டாச்சா" என்று நாம் கேட்பதும் "ஆச்சு" என்பதும் போலத்தான். அதற்கு அடுத்த வரியைக் கேள். "புதியா சேர் பியோர்" (இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்) என்றால் அன்றைக்குப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொள். ஜன்னல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, வந்த புதிதில் எனக்குப் புரிந்த முதல் போர்ச்சுகீசு வாக்கியமே ஒரு பாட்டி "ஜனேலா, ஜனேலா" என்று கத்தியதுதான். ஓடிப்போய்ச் சாத்தினேன். பாஷை அதற்குள் வந்துவிட்டதா என்று மேற்பார்வையாளர் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

---

வெட்டிப்பேச்சு

கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். எண்பது வருஷ வாழ்க்கையை 5-லிருந்து 25-க்குள் அடைக்கிற வேலை எதற்கு? அந்தப் பாட்டி சொன்ன கதையை அப்படியே எழுதினால் போதாதா? எண் வந்ததும் கதை காணாமல் போய்விடுகிறது.

---

குத்துமதிப்பு

@வெட்டிப்பேச்சு, நியாயமான எரிச்சல்தான். ஆனால் ஒரு நகராட்சியிடம் போய் "மலைக்கிராமத்துக்கு வாரம் இரண்டு நாள் பஸ் விட்டீர்களே, அதற்கு முன்னாலும் பின்னாலும் அங்கே இருக்கிறவர்களின் வாழ்க்கை எப்படி" என்று சொல்லக் கதை மட்டும் வைத்துக்கொண்டு போனால், அவர்களிடமும் ஒரு கதை இருக்கும். 1961-இலேயே நியூகார்ட்டனும் ஹாவிகர்ஸ்டும் டோபினும் இருபது வாக்கியத்தில் முதியவர்களுக்கென்றே ஒரு அளவுகோல் செய்தார்கள். அதற்கு அவர்கள் தொடங்கியதே நீண்ட நேர்காணல்களிலிருந்துதான். கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு எண் வரவில்லை, கதையிலிருந்துதான் வந்தது. எண்ணைக் கையில் எடுத்தவர்கள் கதையை மறந்தால் அது அவர்கள் குற்றம்.

---

இரண்டாம்கரை

லிஸ்பனை ஒட்டிய அமதோராவில் இருக்கிறேன், ஒரு சமூக அமைப்பில் தன்னார்வ வேலை. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். 'போர்ச்சுகீசு பேசும் முதியவர்கள்' என்று ஆய்வேட்டுத் தலைப்பில் போட்டுவிடாதீர்கள், நீங்கள் பார்த்தது கொவில்யான் முதியவர்களை.

எங்கள் பக்கம் கேப் வெர்டேயிலிருந்து (போர்ச்சுகலின் காலனியாக இருந்த ஆப்பிரிக்கத் தீவுகள்) 1970-களில் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே மூத்துப்போனவர்கள் நிறைய. அரசுத் தாளில் அவர்கள் மொழி போர்ச்சுகீசு, வீட்டில் கிரியோல், அதாவது போர்ச்சுகீசும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உண்டான மொழி. ஒரு முதியவரிடம் இதே ஐந்து வாக்கியத்தைப் போர்ச்சுகீசில் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளி ஆசிரியருக்குச் சொல்வது போல ஒவ்வொன்றுக்கும் "உடன்படுகிறேன், ஐயா" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் அதையே கிரியோலில் கேட்டபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இரண்டாவது வாக்கியத்துக்கே இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். வாடகை, முழங்கால், ரோட்டர்டாமில் இருக்கும் மகன் என்று எல்லாம் அதில் வந்தது. மதிப்பெண் இறங்கியது. மனிதர் அதே மனிதர்தான்.

மொசாம்பிக்கில் 2017 கணக்கெடுப்பின்படி போர்ச்சுகீசைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். முதியவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். ஆட்சிமொழி ஒன்று என்பதால் ஒரே கேள்வித்தாள் எல்லா இடத்துக்கும் போகும் என்று நினைப்பது, ஆங்கிலக் கேள்வித்தாளோடு உசிலம்பட்டிக்குப் போவது மாதிரி.

---

இழைகோர்ப்பவள்

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாகக் குத்துமதிப்பு அண்ணாவுக்கும் நைட்டூட்டி அக்காவுக்கும்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒலிப்பதிவு முழுவதையும் கேட்டேன். என் குரலைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்தாவது வாக்கியத்தை ஒரே மூச்சில், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாசித்திருக்கிறேன் (பஸ்ஸைப் பிடிக்கத்தான்). அண்ணா சொன்னது போலவே: பலர் "நௌன்" என்றதும் நான் உடனே "நன்றி" என்று சொல்லி முடித்திருக்கிறேன். அதன்மேல் அவர்கள் பேசுவது மெதுவாகப் பின்னால் கேட்கிறது. "நௌன் முதாவா நாதா" என்று தெளிவாகவே சிலர். ஒருவர் "நௌன், எல்லாவற்றையும் மாற்றுவேன்" என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, 1 போட்டதெல்லாம் 5 என்று மொத்தமாகத் திருத்திவிடவும் முடியாது. ஒலிப்பதிவு இருப்பவர்களில் விளங்கியதை மட்டும் திருத்தி, எத்தனை திருத்தினேன் என்று எழுதிவிடுவேன். ஒலிப்பதிவு இல்லாதவர்களைத் தனியாக வைத்திருக்கிறேன்.

மனச்சோர்வுக் கேள்விகள் என்னிடமும் இருக்கின்றன. அந்த முதல் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இல்லங்களில் கேட்டவற்றுக்கு எந்த மணிக்குக் கேட்டேன் என்ற குறிப்பு இருக்கிறது. பாதிக்குமேல் மதியம் இரண்டு மணி. அக்கா, சிரிக்காதீர்கள்.

நேற்று அந்தப் பாட்டியைத் திரும்பப் பார்க்கப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே படிக்கட்டு, மின்தூக்கி பழுது. இந்த முறை வாக்கியத்தை வாசிக்கவில்லை. இரண்டு அட்டை செய்து கொண்டுபோனேன், ஒன்றில் "நிறைய மாற்றுவேன்", மற்றதில் "ஒன்றும் மாற்ற மாட்டேன்", நடுவில் ஒரு கோடு. விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். விரல் "மாற்ற மாட்டேன்" பக்கம் போனது, பாதி வழியில் நின்றது.

"பிரான்ஸ்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் போனதை மாற்ற மாட்டேன். சாப்பாடு வந்தது. நான் போகாததை மாற்றுவேன்."

விரல் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்தது. நான் பேனாவோடு காத்திருந்தேன். அவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"போன தடவை என்ன சொன்னேன்?"

சொல்லக் கூடாது என்று விதி, அதனால் சொல்லவில்லை.

"அதையே போட்டுக்கோ" என்றார். "அன்றைக்கு முழங்கால் வலி இல்லை, நன்றாக யோசித்துச் சொல்லியிருப்பேன்."

அண்ணா, இதை மறுசோதனை என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

குத்துமதிப்பு

முடியாது. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள், வியாழக்கிழமை முதலில் அதைக் காட்டுங்கள். அப்புறம், துப்பட்டா நூல் என்ன ஆனது?

---

இழைகோர்ப்பவள்

தெரியவே இல்லை அண்ணா. எங்கே பிரிந்திருந்தது என்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.